வாய் நாற்றம்: மூடி மறைக்காமல், கிளம்பும் இடத்திலேயே பிடிப்பது எப்படி?

இரண்டு வேளை பல் தேய்த்தும் வாய் நாறுகிறதே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் அதிகம். அதனால் ஈறுதான் தேயும், நாற்றம் போகாது. காரணம், நாற்றம் பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் உண்டாவதில்லை. நாக்கின் பின்பகுதி, பல்லிடுக்கு, ஈறின் அடி ஆகிய மூன்றும்தான் அது உண்டாகும் இடங்கள். பிரஷ் அங்கே சரியாக எட்டுவதே இல்லை.

அந்த இடங்களில் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல்கள், சளி ஆகியவற்றில் உள்ள புரதத்தை அவை சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வெளியாகின்றன. அழுகிய முட்டை போல நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டைக்கோஸ் போல நாறுவது மெத்தில் மெர்கேப்டன். சமையல் கேஸ் கசிவது தெரிய வேண்டும் என்று அதில் கலக்கும் பொருளும் இதே மெர்கேப்டன் குடும்பம்தான். மிகக் குறைந்த அளவே மூக்கைத் துளைத்துவிடும்.

ஆக, நாற்றத்தை வளர்ப்பவை மூன்று: பாக்டீரியாவுக்குத் தீனி, காற்றுப் படாத மறைவிடம், வறண்ட வாய். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இவற்றில் ஒன்றையாவது வெட்டுகிறது.

படி 1: முதலில் எங்கே என்று பாருங்கள்

உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்ப்பதில் பயனில்லை. தன் வாய் வாடைக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். தூங்கி எழுந்ததும் சோதிப்பதும் சரியில்லை. தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைவதால் காலையில் எல்லோருக்குமே வாய் நாறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து, இடையில் பல் தேய்க்காமல், காபி குடிக்காமல் இதைச் செய்யுங்கள்.

நாக்குக்கு: ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பகுதியை மெதுவாக வழித்து எடுங்கள். அரை நிமிடம் விட்டு முகருங்கள். நாக்கு நுனியைத் தொட்டு முகர்ந்தால் தெரியாது, நுனி எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

பல்லிடுக்குக்கு: கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஃப்ளாஸ் நூலை விட்டு எடுத்து, ஒவ்வொரு இடுக்குக்குப் பிறகும் முகருங்கள். ஒரே ஒரு இடுக்கு மட்டும் கடுமையாக நாறினால் அங்கே சொத்தையோ, ஓரம் விட்டுப்போன பல் அடைப்போ (ஃபில்லிங்), ஈறுப் பையோ (ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் பள்ளம்) இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூக்குக்கு: நம்பிக்கையான ஒருவரை அருகில் உட்காரவைத்து, வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடுங்கள். மூக்கால் விடும்போது மட்டும் நாறினால் பிரச்சினை மூக்கிலோ சைனஸிலோ இருக்கிறது. அப்படியானால் வாயை என்ன சுத்தம் செய்தாலும் தீராது.

கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் இன்னொருவரின் மூக்கைவிட நம்பகமான கருவி வீட்டில் வேறெதுவும் கிடையாது.

படி 2: இரவு வேலையின் வரிசை

வரிசை முக்கியம்: முதலில் பல்லிடுக்கு, அடுத்து நாக்கு, கடைசியில் பிரஷ். பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லில் தங்க வேண்டுமானால், தேய்த்த பிறகு வாயைக் கொப்பளிக்காமல் துப்பிவிட்டால் போதும். நாக்கை முன்பே வழித்துவிட்டால் மறுபடி கொப்பளிக்கும் அவசியம் வராது.

பல்லிடுக்கு: சுமார் 45 செ.மீ. ஃப்ளாஸை எடுத்து இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, நடுவே 3 முதல் 5 செ.மீ. இழுத்துப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டியபடி மெல்ல இறக்குங்கள். சடாரென்று அழுத்தினால் ஈறு வெட்டுப்படும். இறங்கியதும் நூலை ஒரு பல்லின் பக்கம் அணைத்தாற்போல் வளைத்து, ஈறுக்குச் சற்று அடி வரை கொண்டுபோய், மேலும் கீழும் தேயுங்கள். பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அப்படியே. இடைவெளி பெரிதாக இருப்பவர்களுக்கு நூலைவிடப் பல்லிடுக்கு பிரஷ் நல்லது. அது உரசிக்கொண்டு நுழைய வேண்டும். கம்பி வளைந்தால் அளவு பெரிது.

தொடக்கத்தில் ரத்தம் வரலாம். பயந்து நிறுத்திவிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. வீங்கிய ஈறில் அழுக்கு தங்கியிருப்பதால் வரும் ரத்தம் அது. தினமும் செய்தால் ஓரிரு வாரத்தில் குறையும். இரண்டு வாரத்துக்கு மேலும் நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாக்கு: நாற்றத்தின் பெரும் பங்கு இங்கேதான், அதுவும் கண்ணாடியில் எளிதில் தெரியாத பின்புற மூன்றில் ஒரு பங்கில். பெரும்பாலோர் முன்பாதியை வழித்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். நாக்கை முடிந்தவரை நீட்டி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி நாக்கு வழிப்பானைப் பின்னால் வைத்து முன்னோக்கி இழுங்கள். மூச்சை விடும்போது குமட்டல் குறையும். முதல் நாளே கடைசி வரை போக வேண்டாம், நாளுக்கு நாள் சற்றுப் பின்னால் போகலாம். நான்கைந்து முறை போதும், ஒவ்வொரு முறையும் வழிப்பானைக் கழுவுங்கள். எரிச்சலோ ரத்தமோ வந்தால் அழுத்தம் அதிகம். உலோகமா பிளாஸ்டிக்கா என்பது பெரிய விஷயமில்லை.

பிரஷ்: மென்மையான நார், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், ஈறின் ஓரத்தில் 45 டிகிரி சாய்வு, இரண்டு நிமிடம். காலையிலும் இதே அளவு. பிரஷை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

பல் செட் இருந்தால் இரவில் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் போட்டு வையுங்கள். சாதாரண பேஸ்ட் அதில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும், அந்தக் கீறல்களில் பாக்டீரியா தங்கும். கொதிநீரும் கூடாது, செட் வளைந்துவிடும்.

படி 3: பகலில் வாய் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

எச்சில்தான் வாயை நாள் முழுக்கக் கழுவிக்கொண்டிருக்கிறது. அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். சாப்பிட்ட பிறகு சர்க்கரை இல்லாத சூயிங்கம் 10 நிமிடம் மென்றால் எச்சில் ஊறும். (அதில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் நாய்க்கு எட்டாமல் வையுங்கள், நாய்க்கு அது விஷம்.) சர்க்கரை உள்ள புதினா மிட்டாய் சில நிமிடம் வாடையை மறைக்கும், பல்லுக்குக் கேடு.

ஒவ்வாமை, மனச்சோர்வு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளில் பல வாயை வறளச் செய்பவை. சந்தேகம் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புகைபிடிப்பது வாயை வறளவைத்து, ஈறு நோயையும் வளர்க்கும்.

பூண்டு வாடை வேறு வகை. அதன் கந்தகச் சேர்மம் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. பல் தேய்த்துப் பயனில்லை, மணிக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். நீண்ட பட்டினியிலும் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்த உணவுமுறையிலும் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் வாடையும் இப்படித்தான்.

மவுத்வாஷ்: உதவும், ஆனால் கடைசியில்

மேலே சொன்னவற்றைச் செய்யாமல் மவுத்வாஷை மட்டும் நம்பினால் ஓரிரு மணி நேரத்தில் நாற்றம் திரும்பும். வாங்குவதானால் துத்தநாகம் உள்ளதைத் தேடுங்கள், அது கந்தக வாயுவைப் பிணைத்துவிடும். ஆல்கஹால் உள்ளவை சிலருக்கு வாயை வறட்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ளது வீரியமானது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை படியும், சுவையும் மாறும். எனவே பல் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இதன் வேலையைக் கெடுக்கும் என்பதால், பல் தேய்த்து அரை மணி நேரமாவது விட்டுப் பயன்படுத்துங்கள்.

படி 4: பதினான்காம் நாள் மறுபடி சோதனை

அதே நேரம், அதே ஸ்பூன், அதே இடுக்குகள். குறைந்திருந்தால் இதே பழக்கத்தைத் தொடருங்கள். குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் போய், குறித்து வைத்த இடுக்கைக் காட்டி, ஈறுப் பையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. வரை இயல்பு. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனால் அங்கே உங்கள் பிரஷும் நூலும் எட்டாது. பல்லில் இறுகிப்போன அழுக்கான காறையை அவர்தான் எடுக்க வேண்டும்.

வாயில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் அடுத்தது காது மூக்கு தொண்டை மருத்துவர். டான்சில் குழிகளில் சேரும் வெள்ளைக் கட்டிகள், தொண்டைக்குள் வடியும் சளி ஆகியவற்றை அவர் பார்ப்பார். டான்சில் கட்டியை ஊசியோ குச்சியோ வைத்து நோண்டாதீர்கள், ரத்தம் கொட்டும். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுத் தொண்டை வரை கொப்பளித்தாலே சில கட்டிகள் தானாக வெளியே வரும்.

சிலவற்றுக்குப் பதினான்கு நாள் காத்திருக்கவே கூடாது. சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழவாடை அடித்து, கூடவே வாந்தி, அதிக தாகம், வேகமான மூச்சு இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். சிறு குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், மணியோ பஞ்சோ எதையோ உள்ளே திணித்திருக்கக்கூடும். நீங்கள் எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போகும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

யாரைக் கேட்டாலும் நாற்றமில்லை என்கிறார்கள், ஸ்பூனிலும் நூலிலும் வாடையில்லை, ஆனாலும் நாறுகிறது என்ற எண்ணம் போகவில்லை, அதனால் ஆட்களிடம் பேசவே தயங்குகிறீர்கள் என்றால், அது பலருக்கும் வரும் உண்மையான அவதி. அதற்கு மேலும் வாயைச் சுரண்ட வேண்டாம். அதை அப்படியே மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது.