கோழித்தீனியில பைட்டேஸ் கலக்குறவங்க சுடுதண்ணிய பாத்துக்கோங்க
நம்ம ஹட்டன், நுவரெலியா குளிருக்கு விடியக்காலையில தவிட்ட சுடச்சுட குழைச்சு கோழிக்கு வைக்கிறது லயத்துல வழக்கம்தானே, ஆனா அதுல பைட்டேஸ்ங்கிற நொதி (என்சைம்) பவுடர் போடுறீங்கன்னா தயவுசெஞ்சு ஆறவிட்டு போடுங்க. பைட்டேஸ்ல சில வகைய மரபணு மாத்துன ஈஸ்ட்ட வச்சுத்தான் செய்றாங்க. தவிடு, சோளம், சோயாவுல உள்ள பொஸ்பரஸ்ல பெரும்பகுதி பூட்டுப்போட்ட மாதிரி கிடக்கும், கோழி வயித்தால அத சரியா உடைக்க ஏலாது, எச்சத்தோட போயிரும், பைட்டேஸ்தான் அத திறந்து எலும்புக்கும் வளர்ச்சிக்கும் குடுக்குது. கொதிக்கிற சூட்டுல அது வேலை செய்யாம போயிரும், காசும் வீண். நான் விரல விட்டு பாத்து வெதுவெதுன்னு இருந்தாத்தான் தூவுவேன், மொதல்ல ஒரு கைப்பிடி காஞ்ச தவிட்டுல கலந்துட்டு அப்புறம் சேத்தா கட்டி கட்டாம பரவும். கடைத்தீனின்னா பையில பைட்டேஸ்னு போட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா திரும்ப போடத் தேவையில்ல.