அலை வீடியோவை எந்த என்கோடர் நன்றாகச் சுருக்கும்? நீங்களே சோதித்துப் பாருங்கள்

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரியைக் கைப்பேசியில் எடுத்தவர்களின் நினைவகம் மாலைக்குள் நிரம்பிவிடும். சுருக்கலாம் என்று ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி-ஏவி1 என்று ஒரு பட்டியல் நிற்கும். இவைதான் என்கோடர்கள், அதாவது வீடியோவைச் சுருக்கும் நிரல்கள். எது நல்லது என்று பிறரைக் கேட்பதைவிட உங்கள் வீடியோவிலேயே சோதிப்பது மேல்.

முதல் படி: துண்டு எடுத்தல். பாதி வெற்றி இதில்தான். ஒருவர் நின்று பேசும் காட்சி வேண்டாம். அதை எந்த என்கோடரும் எளிதாகச் சுருக்கிவிடும். முந்தைய ஃபிரேமில் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர்) இருந்ததை நகர்த்திப் பயன்படுத்தித்தான் என்கோடர் இடத்தை மிச்சப்படுத்துகிறது. அலை நுரையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறாக இருக்கும். ஆகவே நுரையும் கூட்டமும் சேர்ந்த 30 விநாடியை எடுங்கள். கூடவே, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பின்னால் இருளும் வானம் போன்ற ஒரு காட்சியும் வேண்டும். மோசமான சுருக்கத்தில் அந்த வானம் பட்டை பட்டையாகப் பிரியும். வாட்ஸ்அப்பில் வந்த நகல் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. மூலக் கோப்பையே எடுங்கள். ஹேண்ட்பிரேக்கின் ‘ரேஞ்ச்’ பகுதியில் ‘செகண்ட்ஸ்’ தேர்ந்து, தொடக்கமும் முடிவும் கொடுத்தால் போதும்.

இரண்டாம் படி: மற்ற எல்லாவற்றையும் பூட்டுங்கள். ‘ஃபாஸ்ட் 1080பி30’ பிரீசெட் (தயாராக வைத்த அமைப்பு), 4கே வீடியோவின் அளவையும் 60 ஃபிரேம் வேகத்தையும் சத்தமில்லாமல் குறைத்துவிடும். பிறகு கோப்பு சிறிதானதற்கு என்கோடரைப் பாராட்டுவது வீண். ஃபிரேம் வேகம், படஅளவு, ஒலி மூன்றும் எல்லாச் சோதனைகளிலும் ஒன்றாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: எக்ஸ்264-இல் ஆர்.எஃப். (தரத்தைக் குறிக்கும் எண்) 22, வேகம் ‘ஸ்லோ’ வைத்து ஒரு கோப்பு உருவாக்குங்கள். இதுவே அளவுகோல். எண் கூடினால் தரம் குறையும். எக்ஸ்264-இல் 6 கூட்டினால் கோப்பு ஏறத்தாழ பாதியாகும்.

நான்காம் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எக்ஸ்265-இலும் 22 வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஒரு என்கோடரின் 22 இன்னொன்றின் 22 அல்ல. ஏவி1-இல் இந்த எண் 63 வரை போகிறது. எக்ஸ்265-இல் 20, 22, 24, 26 என நான்கும், ஏவி1-இல் 26, 30, 34, 38 என நான்கும் உருவாக்குங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஆங்கில ‘ஈ’ (E) விசையை அழுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, எது அளவுகோலுக்கு இணையாகத் தெரிகிறது என்று பாருங்கள். தரம் இணையான கோப்புகளின் அளவை மட்டும் ஒப்பிடுங்கள். எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறியுங்கள். வானத்தில் பட்டை தெரிந்தால் அதே என்கோடரின் 10-பிட் வகையை (நிறங்களை நுண்ணிய படிகளில் பதிவது) சோதிக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு என்கோடர்கள் வேகமானவை. ஆனால் அதே தரத்துக்குப் பெரும்பாலும் பெரிய கோப்பைத் தரும்.

ஒரே என்கோடரின் பழைய, புதிய பதிப்புகளை ஒப்பிட வேண்டுமா? ஹேண்ட்பிரேக்கைப் புதுப்பிக்கும் முன் ஒரு முறை, பின் ஒரு முறை, அதே துண்டு, அதே அமைப்பு. எந்தப் பதிப்பு ஓடியது என்பதை ஹேண்ட்பிரேக்கின் ‘ஆக்டிவிட்டி லாக்’ காட்டும். எஸ்விடி-ஏவி1-இல் ஒரே பிரீசெட் எண்ணின் வேகமும் தரமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதுண்டு. பழைய குறிப்பை நம்ப வேண்டாம்.

வென்ற கோப்பைப் பென் டிரைவில் போட்டு வீட்டு டிவியில் ஓட்டுங்கள். ஏவி1 பழைய டிவிகளில் ஓடாது. அங்கே ஓடினால் மட்டும் மற்ற வீடியோக்களை வரிசையில் ஏற்றுங்கள். அதுவரை மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்.