அனுமானங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா? கட்டம் போட்டுப் பார்க்கும் முறை

எதிர்காலத் திட்டமிடலில் நாம் எழுதும் ஒவ்வொரு காட்சியும், அதாவது 'நாளை இப்படியும் நடக்கலாம்' என்ற சித்திரமும், பல அனுமானங்களின் தொகுப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று வெட்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் பேனாவும் போதும். சென்னைக் குடிநீரை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: காரணிகள்

நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள்.

- வடகிழக்குப் பருவமழை: பெய்கிறது / பொய்க்கிறது
- கிருஷ்ணா நீர் (ஆந்திராவிலிருந்து சென்னைக்கு வரும் ஆற்றுநீர்): வருகிறது / வரவில்லை
- நிலத்தடி நீர்மட்டம்: ஏறுகிறது / இறங்குகிறது
- குழாய் நீர்: வழக்கம்போல் / வெட்டுடன்

மொத்தம் 16 சேர்க்கைகள்.

படி 2: இரண்டிரண்டாகப் பாருங்கள்

6 ஜோடிகள், ஜோடிக்கு 4 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்விதான்: இந்த இரண்டும் ஒரே ஆண்டில் சேர்ந்து நடக்க முடியுமா? வாய்ப்பு குறைவு என்பதற்காக எதையும் அடிக்கக் கூடாது.

மழை பொய்த்து நிலத்தடி நீர் ஏறுமா? ஏரி வற்றினால் ஊரே போர்வெல்லுக்குப் போகும், புறநகர்க் கிணறுகளில் தண்ணீர் லாரிகள் வரிசை கட்டும். ஏற வழியே இல்லை. பெருக்கல் குறி போடுங்கள். இந்த ஒரு குறியிலேயே 4 சேர்க்கைகள் போய்விடும்.

மழை பொய்த்து, கிருஷ்ணா நீர் மட்டும் வருமா? இங்கேதான் பலரும் அவசரப்பட்டு அடித்துவிடுவார்கள். சென்னை நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. கிருஷ்ணா படுகைக்கோ தென்மேற்குப் பருவமழைதான் முக்கியம். அந்தத் தண்ணீர் ஸ்ரீசைலம் அணையிலிருந்து சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்கள் வழியாகச் சென்னைக்கு நீர் தரும் பூண்டி ஏரிக்கு வருகிறது. ஒரு பருவம் பெய்து இன்னொன்று பொய்க்கலாம். எனவே டிக்.

மழை பெய்தும் நிலத்தடி நீர் இறங்குமா? சில நாளில் கொட்டித் தீர்த்துக் கடலுக்கு ஓடி, உறிஞ்சுவதும் கூடினால் முடியும். கேள்விக்குறி போட்டு, நிபந்தனையைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 3: மூன்றாகச் சேர்த்துப் பாருங்கள்

ஜோடிச் சோதனைக்குச் சிக்காத முரண்களும் உண்டு. மழை பொய்த்தாலும் கிருஷ்ணா நீர் வந்தால் குழாய் நீரைச் சமாளிக்கலாம். கிருஷ்ணா நீர் வராவிட்டாலும் மழை இருந்தால் சமாளிக்கலாம். இரண்டும் இல்லாமல் 'வழக்கம்போல்' என்றால்? மீஞ்சூர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் வீராணம் ஏரியும் இருந்தும் 2019 கோடையில் வெட்டு வந்ததே! இதில் வரும் இரண்டு சேர்க்கைகளில் நிலத்தடி நீர் ஏறுவது ஏற்கெனவே போய்விட்டது; மற்றதையும் அடித்தால் மிச்சம் 11.

"ஆலைகள் பெருகிவிடும், அடிக்க வேண்டாம்" என்பவர், அதை ஐந்தாவது காரணியாகச் சேர்க்கட்டும். மனதுக்குள் வைத்துக்கொண்டு டிக் போட்டால் மற்றவர்களுக்குத் தெரியாது.

படி 4: தேர்ந்தெடுங்கள்

11-இல் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் மூன்று நான்கை எடுத்து விரிவாக எழுதுங்கள். அப்புறம், ஒரே கட்டத்துக்கு இருவர் வேறு வேறு குறி போட்டால் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். பெரும்பாலும் 'மழை பெய்கிறது' என்பதை ஆளுக்கொரு அளவில் புரிந்துகொண்டிருப்பார்கள். அந்த நிலையைத் தெளிவாகத் திருத்தி எழுதி, அது வரும் கட்டங்களை மட்டும் மறுபடி பாருங்கள்.