பெரிய மேடையில் திணறிய சிறிய பேஸ் ஆம்ப்

சிறிய அறைகளில் கணீரென்று ஒலித்த என் பேஸ் கிட்டாரின் 500 வாட் கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபயர், டிரம்ஸுடன் பெரிய மேடை ஏறியதும் திணறியது. ஓங்கி வாசித்தால் ஒலி அமுங்கிப்போகும். கேபிளையும் பேஸின் பேட்டரியையும் மாற்றிப் பார்த்தேன். இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்த்து மொத்த மின்தடையை 4 ஓமாக்கியதில் சத்தம் கூடியது, திணறல் போகவில்லை.

துப்புக் கொடுத்தது ஸ்பீக்கரின் கூம்பு. சுரமே எழுப்பாமல் தந்திகளை உள்ளங்கையால் தட்டினாலும் அது வெளியே துள்ளியது! காதுக்கு எட்டாத தாழ் அதிர்வுகள் ஆம்பின் ஆற்றலைத் தின்றுகொண்டிருந்தன. நான்கு தந்தி பேஸின் அடி சுரமே சுமார் 41 ஹெர்ட்ஸ்தான். ஆம்புக்கு முன்னால் ஹை-பாஸ் ஃபில்டர் பெடலை (குறித்த அளவுக்குக் கீழான அதிர்வுகளை வடிகட்டும் கருவி) இணைத்து 35 ஹெர்ட்ஸில் வைத்தேன். ஆம்பில் தாழ் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் 'பேஸ்' குமிழை நடுவுக்கு இறக்கினேன். ஒலி தெளிந்தது, அப்பாடா!

அரங்க ஸ்பீக்கர்களுக்கு ஆம்பின் டிஐ (ஒலிக்கலவை மேசைக்கு நேரே ஒலியை அனுப்பும் இணைப்பு) வழியே அனுப்பும்போது அதன் பொத்தான் 'ப்ரீ' நிலையில், அதாவது ஆம்பின் குமிழ்களுக்கு முந்தைய ஒலியை எடுக்கும் நிலையில், இருக்கட்டும். இல்லாவிட்டால் மேடையில் குமிழைத் திருகும்போதெல்லாம் அரங்கின் ஒலியும் மாறும்.