விளக்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்: மாணவர் நாடகங்களில் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் எங்கள் நாடகத் துறையின் இரண்டாமாண்டு மாணவர்கள் மூன்று பேர் ஒரு நோட்டோடு வந்தார்கள். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை நான்கு நாடகங்கள். எந்த மாதம் எது, யார் இயக்கம், எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே கோயம்புத்தூரில் நான் போட்ட கட்டம் மாதிரியே இருந்தது. ஓட்டைகளும் அதே இடங்களில்.

வசனம் மறப்பது, பார்வையாளர்களுக்கு முதுகு காட்டுவது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இரண்டாவது ஒத்திகையிலேயே யாராவது கத்தித் திருத்திவிடுவார்கள். யாரும் கத்தாத தவறுகள்தான் ஆபத்து.

‘ங்க’வை அள்ளித் தெளிப்பது

கொங்கு நாட்டுக் கதை என்றதும் எல்லாப் பாத்திரமும் எல்லாரிடமும் ‘வந்தனுங்க, போனனுங்க’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறது. இத்தனைக்கும் எழுதுகிற பையனுக்குச் சொந்த ஊர் காங்கேயம். வீட்டில் அவன் அப்படிப் பேசுவதில்லை. பண்ணையக்காரர் ஆள்காரனிடம் ‘வாங்க’ என்று சொன்ன காலமா அது? யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள், யார் போடுவதில்லை என்பதில்தான் தோட்டமும் (கிணற்றுப் பாசன நிலம்) காடும் (மானாவாரி நிலம்) சாதியும் வயதும் இருக்கின்றன. அதைவிட முக்கியம், அப்பாவிடம் எப்போதும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற மகன் ஒரே ஒரு இடத்தில் அதை விட்டுப் பேசினால் அரங்கம் திடுக்கிட வேண்டும். எல்லா வரியிலும் தெளித்துவிட்டால் எதை வைத்துத் திடுக்கிட வைப்பீர்கள்? ஒரு நாடகம் முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் என்னைக் கேட்டார்: “ஏங்கண்ணு, இவியெல்லாம் எந்தூரு?”

ஒளி ஒத்திகையையும் முழு ஒத்திகையையும் ஒரே நாளில் வைப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் இயக்கிய முதல் நாடகம். ஒரு கல்லூரி அரங்கம் இரண்டு நாளுக்குக் கிடைத்தது. முதல் நாள் காலையில் அங்கே வேறு விழா. அது முடிந்து, நாற்காலிகளை ஒழுங்குபண்ணி, எங்களை உள்ளே விட்டபோது மாலை ஐந்து மணி. விளக்குக்காரர் ஏணி போட்டு எல்லாவற்றையும் மாட்டி முடிக்க ஒன்பதரை. நடிகர்கள் மேக்கப்போடு காத்திருக்கிறார்கள். ‘சரி, விளக்கைப் பார்த்துக்கொண்டே முழு நாடகத்தையும் ஓட்டிவிடலாம்’ என்றேன்.

மொத்தம் 42 ஒளி மாற்றங்கள். இரவு இரண்டு மணிக்குப் பதினொன்றாவதில் நின்றோம். மகனை இழந்த தாயாக நடிக்க வேண்டிய பெண் பக்கத் தட்டிக்குப் பின்னால் சாக்கின் மேல் தூங்கிப்போயிருந்தாள். வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். மீதி 31 மாற்றங்களை ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விட்டோம்.

மறுநாள் அந்தக் காட்சி. மகன் செத்த சேதி வருகிறது. நான்கு விநாடி இருட்டு, அப்புறம் தாயின் மேல் மட்டும் ஒரு விளக்கு. விளக்குப் பலகையில் இருந்த பையன் அந்த இடத்தை ஒத்திகையில் பார்த்ததே இல்லை. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த குமிழ்களை எல்லாம் மேலே தள்ளினான். ஐந்து 1000 வாட் ஹாலஜன்கள், ஒரே 16 ஆம்பியர் லைனில். 5000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். ஆறிக் கிடந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் இன்னும் பல மடங்கு இழுக்கும். டப்பென்று ட்ரிப் ஆனது.

நான்கு விநாடி இருட்டு ஒன்றரை நிமிடம் ஆனது. நாடகம் முடிந்துவிட்டது என்று யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் எழுந்து மேடையேறினார். தொகுப்பாளர் செல்போன் வெளிச்சத்தில் பொன்னாடையோடு ஓடினார். விளக்கு திரும்பி வந்தபோது மேடையில் தலைவிரிகோலமாக ஒரு தாய், பக்கத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர். அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் அசையவில்லை, குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாவது ஷோ ரத்து. விளக்கு வாடகையும் அரங்க வாடகையும் போனது போனதுதான். அடுத்த நாடகத்துக்கு வைத்திருந்த பணத்தில் கைவைத்தோம்.

எப்படிச் செய்திருக்க வேண்டும்? முதல் நாள் மாட்டுவது, திசை திருப்புவது. இருட்டிய பிறகு ஒருவரை மேடையில் நிற்க வைத்து வெளிச்ச அளவு குறிப்பது. நம் கல்லூரி அரங்கங்கள் பலவற்றில் சுற்றிலும் ஜன்னல்; பகலில் குறித்த அளவு ராத்திரி கண்ணைக் குத்தும். இரண்டாம் நாள் கியூ டு கியூ. முழு வசனம் வேண்டாம். மாற்றத்துக்கு முந்தைய இரண்டு வரி, அரங்க மேலாளர் (ஸ்டேஜ் மேனேஜர்) ‘தயார்’ என்கிறார், ‘போ’ என்கிறார், விளக்கு மாறுகிறது, அடுத்த இடத்துக்குத் தாவுகிறீர்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் 42 மாற்றத்துக்கு மூன்றரை மணி நேரம். மூன்றாம் நாள்தான் மேக்கப், உடை, முழு ஓட்டம். மூன்று நாள் அரங்கம் கிடைக்காது என்றால் மாற்றங்களைப் பன்னிரண்டாகக் குறையுங்கள். நாடகம் ஒன்றும் கெட்டுவிடாது.

நான்கு நாடகமும் ஒரே அரங்கத்தில் என்றால், முன்விளக்குகளை எல்லா நாடகத்துக்கும் பொதுவாக ஒருமுறை மாட்டிவிட்டு, நாடகத்துக்கு நான்கைந்தை மட்டும் மாற்றுங்கள். ஹாலஜன் என்றால் ஒரு லைனுக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். ‘இப்போ எல்லாம் எல்இடி சார்’ என்பார்கள். லோடு குறையும், வாஸ்தவம். எந்த வசன வரியில் விளக்கை ஏற்றுவது என்பதை எல்இடி சொல்லித்தராது.

ஆடியில் வெட்டவெளி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் இருபதடி படுதா கட்டினால் அது படுதா இல்லை, பாய்மரம். ஒருமுறை எங்கள் அரண்மனை மூங்கிலோடு சாய்ந்தது. மைக்கில் வசனத்தை விடக் காற்றுதான் அதிகம் பேசியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. வெளி மேடை ஆசை இருந்தால் தை பிறக்கட்டும்.

உரிமை வாங்காமல் நோட்டீஸ் அடிப்பது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, அவர்களும் பெற்றோர்களும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மட்டும் பார்த்தால் அனுமதி வேண்டியதில்லை. ஊரைக் கூப்பிட்டு டிக்கெட் போட்டால் எழுதி வாங்குங்கள். எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு உரிமை இருக்கும். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் எழுத்துக்கும் அப்படித்தான்.

நான்கு நாடகத்துக்கும் ஒரே கதாநாயகன்

டிசம்பரில் தொண்டை கட்டும்.

அம்மாவின் கல்யாணப் பட்டு

கடன் வாங்காதீர்கள்.

நிஜ நெருப்பு

கூடாது.

பொன்னாடை

அரங்க மேலாளரின் பையில் இருக்கட்டும். தொகுப்பாளர் கையில் கொடுக்காதீர்கள்.