ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்? நீங்களே கணக்கு போடலாம்

தூரமும் நேரமும் கணக்கு போட்டு காட்டற ஒரு சைட்ல ஆறே முக்கால் மணி நேரம்னு போட்டிருப்பான், டிக்கெட்ல பாத்தா எட்டு மணி நேரம்னு இருக்கும். ரெண்டுமே தப்பில்ல, ரெண்டும் சொல்றது வேற வேற. நியூயார்க் – லண்டன் ரூட்டை வச்சு பாப்போம்.

ஸ்டெப் 1: ஊர் பேரை போடாதீங்க, ஏர்போர்ட்டோட மூணெழுத்து கோடை போடுங்க. லண்டன்னு போட்டா ஹீத்ரோவா கேட்விக்கான்னு சைட்டுக்கு எப்படி தெரியும்? சான் ஹோசே இன்னும் வம்பு, எஸ்ஜேசின்னா கலிஃபோர்னியா, எஸ்ஜேஓன்னா கோஸ்டா ரிக்கா. நமக்கு வேண்டியது ஜேஎஃப்கே (JFK, நியூயார்க்), எல்ஹெச்ஆர் (LHR, லண்டன் ஹீத்ரோ).

ஸ்டெப் 2: தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் சைட்ல ரெண்டு கோடையும் நடுவுல ஒரு ஹைஃபன் வச்சு டைப் பண்ணுங்க, போதும். மேப்ல கோடு வடக்கு பக்கமா வளைஞ்சு போகும், அதை பாத்து குழம்பாதீங்க, உருண்டை மேல நூலை இழுத்து பிடிச்சா அதுதான் குறுக்கு வழி, தட்டையான மேப்ல வளைவா தெரியுது அவ்ளோதான்.

எக்செல்ல போட்டு பாக்கணும்னா: ரெண்டு அட்சரேகையோட சைனையும் பெருக்குங்க, அப்புறம் ரெண்டோட காஸையும் தீர்க்கரேகை வித்தியாசத்தோட காஸையும் பெருக்கி அதோட கூட்டுங்க, வர்ற நம்பருக்கு ஆர்க்காஸ் (எக்செல்ல ACOS) எடுத்து, பூமியோட ஆரமான 6371-ஆல பெருக்கினா கிலோமீட்டர். எக்செல் கோணத்தை ரேடியன்லதான் (டிகிரி மாதிரி இன்னொரு அளவு, RADIANS ஃபங்ஷன் மாத்தி தரும்) எடுத்துக்கும், டிகிரியை அப்படியே போட்டா சம்பந்தமே இல்லாத நம்பர் வரும். மேற்குக்கும் தெற்குக்கும் மைனஸ் போட மறக்காதீங்க. நம்ம ரூட்டுக்கு சுமார் 5,540 கி.மீ. வரும். சைட்ல பத்து பதினஞ்சு கிலோமீட்டர் கூட காட்டும், பூமி சரியான உருண்டை இல்லைல்ல, கண்டுக்காதீங்க. நாட்டிக்கல் மைல்னு காட்டினா 1.852-ஆல பெருக்கிக்கோங்க.

ஸ்டெப் 3: பறக்கற நேரம். பெரிய ஜெட்டுக்கு மணிக்கு 900 கி.மீ.ன்னு வச்சுக்கலாம். 5,540-ஐ 900-ஆல வகுத்தா 6 மணி 10 நிமிஷம், ஏறி இறங்கறது மெதுவாத்தானே, அதுக்கு ஒரு அரை மணி சேத்துக்கோங்க. சைட்ல பெரும்பாலும் வர்றது இந்த மாதிரி கணக்குதான்.

ஸ்டெப் 4: இங்கதான் விஷயமே இருக்கு. மேல, பத்து கிலோமீட்டர் உயரத்துல, ஜெட் ஸ்ட்ரீம்னு மேற்குலேருந்து கிழக்கா ஒரு காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால டிக்கெட்ல நியூயார்க்லேருந்து லண்டன் போக ஏழு மணி நேரம் கிட்ட, திரும்பி வர எட்டு மணி நேரம் கிட்ட, தூரம் என்னவோ அதேதான். 2020 பிப்ரவரில புயல் காத்து பின்னாடியிலேருந்து தள்ள, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் இதே ரூட்டை 4 மணி 56 நிமிஷத்துல முடிச்சிருச்சு! அது போக, டிக்கெட்ல இருக்கறது கேட்லேருந்து கிளம்பி அடுத்த கேட்ல நிக்கற வரைக்கும் உள்ள நேரம், ரன்வேக்கு உருண்டு போறது, கியூல நிக்கறது எல்லாம் அதுலயே அடக்கம். ப்ளான் போட டிக்கெட் நேரத்தைத்தான் நம்பணும்.

நேர்கோட்டுல பறக்க முடியாத ரூட்டும் உண்டு. 2022-ல ரஷ்யா வான்வழி மூடினதும் ஹெல்சின்கி – டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்துலேருந்து பதிமூணு மணி நேரம் கிட்ட ஆயிடுச்சு, சைட்ல தூரம் மட்டும் பழசாவே நிக்குது.

ஸ்டெப் 5: டிக்கெட்ல ரெண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க்ல ராத்திரி 8-க்கு ஏறி லண்டன்ல காலைல 8-க்கு இறங்கினா பன்னெண்டு மணி நேரம் மாதிரி தெரியும், லண்டன் 5 மணி நேரம் முன்னாடி இருக்கறதால அதை கழிச்சா 7. மார்ச்ல உஷார்: அமெரிக்கால கடிகாரத்தை முதல்லயே மாத்திடுவாங்க, லண்டன்ல மாத்தறது மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, நடுவுல வர்ற ரெண்டு மூணு வாரத்துக்கு 4 கழிச்சா போதும், அக்டோபர் கடைசிலயும் ஒரு வாரம் இதே கதைதான்.