விமான நேரம் மாறி, இடையில் மாறி ஏற நேரம் போதவில்லையா? படிப்படியாகச் செய்ய வேண்டியவை

களியக்காவிளையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடை கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில்தான், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்கள். எல்லோருக்கும் விமான நிலையம் திருவனந்தபுரம். புரட்டாசி, ஐப்பசி ஆனால் போதும், போனை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். “அண்ணே, மெயில் வந்திருக்கு, டைம் மாறிப்போச்சாம். ஓகே கொடுத்திரட்டா?”

கொடுக்காதீர்கள். இந்தப் பதிவில் முக்கியமானது அதுதான். நேரத்தை மாற்றியது விமான நிறுவனம். அதனால் உங்களுக்கு ஏற்ற வேறு விமானத்தைக் காசில்லாமல் கேட்டு வாங்க இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. ‘அக்செப்ட்’ பொத்தானை அழுத்தினால் அந்த வாய்ப்பை நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி. பயந்துபோய் நீங்களே ரத்து செய்தால் அதைவிட மோசம். அது உங்கள் விருப்பத்தில் செய்த ரத்தாகக் கணக்காகி, அபராதம் பிடித்துக்கொள்வார்கள்.

நேரம் ஏன் மாறுகிறது என்று தெரிந்தால் பதற்றம் பாதி குறையும். உலகம் முழுக்க விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறன்று கோடைக்கால அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறன்று குளிர்கால அட்டவணை. அதே இரண்டு ஞாயிறுகளில்தான் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். நம் ஊரிலும் வளைகுடாவிலும் கடிகாரம் அசையாது. ஜூலையில் டிக்கெட் போட்டு நவம்பரில் அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போகிறவருக்கு மெயில் வருவது இதனால்தான். நமக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, பங்குனி ஆறாட்டு (சாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாட்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த மாலையில் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். அந்த நேரத்து விமானங்கள் முன்பின்னாக நகரும். அந்தத் தேதியில் டிக்கெட் போடுகிறவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

முதல் படி: மெயில் யாருக்கு வருகிறது?

கடையில் போட்ட டிக்கெட் என்றால் பல நேரம் கடையின் மெயிலும் கடையின் போன் நம்பரும்தான் பதிவாகியிருக்கும். மாற்றம் வந்த சேதி உங்களிடம் வந்தே சேராது. டிக்கெட் கையில் கிடைத்த அன்றே விமான நிறுவனத்தின் இணையதளத்தில் ‘மேனேஜ் புக்கிங்’ பகுதிக்குப் போங்கள். ஆறு எழுத்து பி.என்.ஆர்., பிறகு குடும்பப் பெயர், இவை போதும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்கள், டிக்கெட்டில் குடும்பப் பெயர் இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே தட்டுங்கள். உள்ளே போனதும் உங்கள் மெயிலையும் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். பயணம் வரைக்கும் பத்து நாளைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இரண்டாம் படி: இடைவெளியை நீங்களே கணக்குப் போடுங்கள்

டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருவனந்தபுரத்தில் காலை 4:10க்குக் கிளம்பி தோஹாவில் 6:00 மணிக்கு இறங்குவது பழைய நேரம். நமக்கும் தோஹாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பதால், பார்த்தால் இரண்டு மணி நேரம்கூட இல்லாத மாதிரி தோன்றும் அந்தப் பயணம் உண்மையில் 4 மணி 20 நிமிடம். அடுத்த விமானம் 8:05க்கு. இப்போது முதல் விமானத்தை 5:15க்குத் தள்ளிவிட்டார்கள். இறங்குவது 7:05. தாளில் ஒரு மணி நேரம் இருக்கிறது.

ஆனால் 8:05 என்பது விமானம் நகரும் நேரம். பல நிறுவனங்கள் 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுகின்றன. அப்படியானால் உங்களுக்கு 7:45 வரைதான். பின்வரிசையில் இருந்து இறங்கவே கால் மணி நேரம் ஆகும். மிச்சம் 25 நிமிடம். அதற்குள் மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்று, கேட்டைத் தேடிப் போக வேண்டும். முதல் விமானம் அரை மணி நேரம் தாமதமானால் எல்லாம் போச்சு.

நள்ளிரவு நேரங்களில் தேதியையும் பாருங்கள். 14ஆம் தேதி 00:20 என்றால் 13ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டாவது விமானத்தின் நேரம் மட்டும் மாறி, நீங்கள் இறங்குவதற்கு முன்பே அது கிளம்பிப் போவதாக மெயிலில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் அனுப்பும் மெயில் அது, யாரும் படித்துப் பார்த்து அனுப்புவதில்லை.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘மினிமம் கனெக்டிங் டைம்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மாறி ஏறக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் வேண்டும் என்ற அளவு. அதைவிடக் குறைவாக இருந்தால் டிக்கெட் விற்கும்போதே கம்ப்யூட்டர் விடாது. விற்ற பிறகு நேரம் மாறும்போதுதான் இந்தச் சிக்கல். உங்கள் இடைவெளி அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் நிறுவனம் மறுபேச்சில்லாமல் மாற்றித்தர வேண்டியதுதான். ஐந்து பத்து நிமிடம் மேலே இருந்தால், “அது சரியான கனெக்‌ஷன்தானே” என்பார்கள். அங்கேதான் நீங்கள் பேச வேண்டும்.

மூன்றாம் படி: ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

இ-டிக்கெட் தாளில் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் யார் கொடுத்த டிக்கெட் என்று சொல்லும். 157 என்றால் கத்தார் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 607 எத்திஹாட், 098 ஏர் இந்தியா. இரண்டு விமானத்துக்கும் அந்த 13 இலக்கமும் ஒன்றே என்றால், கடைசி ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. எண் வேறு வேறாக, தனித்தனியாகப் போட்டிருந்தால் கதையே வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காம் படி: மாற்று விமானத்தை நீங்களே தேடி வையுங்கள்

போன் பண்ணுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். அதே நிறுவனத்தின் தளத்தில், புது டிக்கெட் போடுகிற மாதிரி அதே தேதி, முந்தைய நாள், அடுத்த நாள் தேடுங்கள். இடம் இருக்கும் விமானங்களில் இரண்டை எண்ணோடு எழுதி வையுங்கள். திருவனந்தபுரத்தில் எதுவும் சரிவரவில்லை என்றால் நெடும்பாசேரியில் (கொச்சி விமான நிலையம்) இருந்து கிளம்பக் கேட்கலாம், சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். நமக்கு ராத்திரி முழுக்க வண்டியில் போகிற தூரம் அது, வீட்டில் பேசிவிட்டுக் கேளுங்கள். மாற்று வழியில் புதிதாக ஒரு நாடு வந்தால், அங்கே டிரான்சிட் விசா வேண்டுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பேசுங்கள்

டிக்கெட்டை யாரிடம் வாங்கினீர்களோ அவர்களிடம் முதலில் போங்கள். கடையில் போட்டதை விமான நிறுவனம் பல நேரம் தொடாது. “ஏஜென்டைப் பாருங்க” என்று வைத்துவிடுவார்கள். கடைக்காரர் இழுத்தடித்தால், பயணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்று சொல்லி நிறுவனத்திடமே மறுபடி கேளுங்கள்.

பேசும்போது சண்டை வேண்டாம், நீளக் கதையும் வேண்டாம். நான் சொல்வது இப்படி: “பி.என்.ஆர். இது. உங்கள் நேர மாற்றத்தால் இந்தப் பயணிக்கு நடுவில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. இதை நாங்கள் ஏற்கவில்லை. முந்தைய இரவு கிளம்பும் இந்த எண் விமானத்தில் இடம் இருக்கிறது. கட்டணம் இல்லாமல் அதற்கு மாற்றித்தாருங்கள், இது இன்வாலன்டரி சேஞ்ச்.” அந்தக் கடைசி வார்த்தையை மறக்காதீர்கள். பயணியின் விருப்பத்தால் வராத மாற்றம் என்பது அதன் பொருள். எதிரில் இருப்பவர் கம்ப்யூட்டரில் தேர்வு செய்வதும் அதைத்தான். காசு கேட்டால், அவர் இதை உங்கள் விருப்ப மாற்றமாகப் போட்டுவிட்டார் என்று புரிந்துகொண்டு அதையே திருப்பிச் சொல்லுங்கள்.

வயதானவர், கைக்குழந்தை, சக்கர நாற்காலி கேட்டிருப்பவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்காரர்களை எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள். ஒரு மணி நேர இடைவெளி அவர்களுக்கு ஒரு மணி நேரமே இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் போகும் அம்மாமார்களுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் இல்லாத எதையும் நான் ஏற்கவே மாட்டேன்.

ஒருவர் முடியாது என்றால் நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். வேறு ஒருவர் எடுப்பார், முதலாமவர் முடியாது என்றதை அவர் செய்துகொடுக்கலாம். யாரிடம், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விமானத்தையே ரத்து செய்தால் மாற்று விமானமோ பணமோ தர வேண்டும் என்பது நம் நாட்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதி. அமெரிக்காவுக்குப் போய்வரும் டிக்கெட்டில், கிளம்புவது 6 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னால் வந்தாலோ, போய்ச் சேர்வது 6 மணி நேரமோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ, மாற்றத்தை ஏற்காத பயணிக்குப் பணம் தர வேண்டும் என்று 2024இல் அந்நாட்டு அரசு விதி போட்டது. இந்தியாவில் புகார் கொடுக்க ‘ஏர்சேவா’ இணையதளம் இருக்கிறது.

ஆறாம் படி: புது இ-டிக்கெட் கைக்கு வந்ததா?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். புக்கிங் வேறு, டிக்கெட் வேறு. புக்கிங்கில் விமானத்தை மாற்றினால் போதாது, டிக்கெட்டையும் அதற்கேற்பத் திரும்ப வழங்க வேண்டும்.

என் அக்கா மகள் நர்ஸ், டப்ளினில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் திரும்பிப் போகும்போது இப்படித்தான் நேரம் மாறி, பேசி, வேறு விமானம் வாங்கினோம். தளத்தில் புது நேரம் அழகாகக் காட்டியது. சாக்கையில் உள்ள சர்வதேச டெர்மினலில் அவளை உள்ளே அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம். பத்து நிமிடத்தில் போன். “மாமா, முதல் போர்டிங் பாஸ் கொடுத்துட்டாங்க, ரெண்டாவது வரல. டிக்கெட்ல பழைய ஃப்ளைட்தான் இருக்காம்.” நிறுவனத்தில் யாரோ புக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு டிக்கெட்டை விட்டிருக்கிறார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் யார் யாருக்கோ போன் போட்டார். பெட்டி தராசிலேயே கிடக்கிறது, பின்னால் வரிசை நீள்கிறது, கவுன்ட்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் இரண்டாவது பாஸ் அச்சாகி வந்தது. கண்ணாடிக்கு வெளியே அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே, மாற்றித்தந்ததும் “டிக்கெட் ரீஇஷ்யூ ஆகிவிட்டதா?” என்று கேளுங்கள். புது இ-டிக்கெட் மெயிலில் வர வேண்டும். அதில் விமான எண், தேதி, நேரம் மூன்றும் புதியவையா என்று பாருங்கள். ஏஜென்ட் பிரின்ட் கொடுத்தால் விமான எண் பக்கத்தில் எச்.கே. என்று இருக்கிறதா பாருங்கள், இடம் உறுதி என்று அர்த்தம். டி.கே. என்றால் நேரம் மாறியிருக்கிறது, ஏஜென்ட் இன்னும் அதை முடித்துவைக்கவில்லை. யு.என். என்றால் அந்த விமானமே இல்லை. சீட், சாப்பாடு, சக்கர நாற்காலி மூன்றையும் மறுபடி பதிய வேண்டியிருக்கும்.

தனித்தனி டிக்கெட் என்றால்

திருவனந்தபுரம்–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–லண்டன் இன்னொன்று என்று மலிவாகப் போட்டிருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. வராத பயணி என்று போட்டுவிடுவார்கள், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து போய்விடும். நேரம் மாறிய டிக்கெட் எதுவோ, அதைத்தான் காசில்லாமல் மாற்ற முடியும். அதனால் முதல் விமானத்தின் நேரம் மாறியிருந்தால் அதையே இன்னும் சீக்கிரம் கிளம்பும் விமானத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மும்பையில் இரண்டு டெர்மினல்களும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன, இடையில் நடந்து போக முடியாது. பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். நான் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்து ஒத்துக்கொள்வதில்லை. நடுவில் வெளிநாடு என்றால் பெட்டி எடுக்க வெளியே வர வேண்டும், அதற்கு அந்நாட்டு விசா வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை கடைசியாக ஒருமுறை தளத்தைத் திறந்து இரண்டு விமானத்தின் நேரத்தையும் பாருங்கள். செக்-இன் கவுன்ட்டரில் பெட்டியின் டேக்கில் கடைசி ஊரின் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். இடைவெளி குறைவுதான் என்றால் முன்வரிசையில் சீட் கேளுங்கள். வழியில் பாலராமபுரம் நெரிசலைக் கணக்கில் வைத்து, களியக்காவிளையில் இருந்து வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வண்டி எடுங்கள்.